கல்லுபிரேக்கு பெண்டாட்டி மகனுக்கு எழுதுவது

அன்புள்ள மகனுக்கு,

இங்கே நானும் வண்டியும் நலம். நீ நலமாக இருக்கிறாய் என்பது உன் கடிதத்தின் கையெழுத்திலேயே தெரிகிறது. ஓர் இடத்தில்கூட மை சிந்தாமல், வரி கோணாமல் எழுதியிருக்கிறாய். மின்விசிறிக்குக் கீழே நல்ல மேசை போட்டு உட்கார்ந்து எழுதினால் அப்படித்தான் வரும். நான் இதை நம் பிக்கப்பின் பின்பலகையை இறக்கிவிட்டு, அதன்மேல் தாளை வைத்து எழுதுகிறேன். வண்டி முற்றத்துச் சரிவில் நிற்பதால் தாள் நழுவி நழுவிப் போகிறது. ஒரு ஸ்பானரைப் பாரமாக வைத்திருக்கிறேன். விரலெல்லாம் எண்ணெய். தாளில் அங்கங்கே கறை படும், முகம் சுளிக்காதே. அந்த எண்ணெய் என்ன எண்ணெய் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நீ இரண்டு காரியம் கேட்டிருக்கிறாய். தை மாதம் உன் கல்யாணத்தில் அப்பா இல்லாத இடத்தில் தங்கையா பெரியப்பா நிற்க வேண்டும், அது ஒன்று. இந்தப் பழைய வண்டியை அதற்கு முன்பே அவரிடம் கொடுத்துவிட வேண்டும், இந்த வயதில் நான் அதன் அடியில் படுத்துக் கிடப்பது உனக்குக் குறைச்சலாக இருக்கிறது, அது இரண்டாவது. அவருடைய லாரி ஆபீஸில் நீ வேலை பார்க்கிறாய், பெண் பார்க்கவும் அவரே வந்தார், ஆகையால் உனக்கு அவர் நல்லவர். ‘பழையதை எல்லாம் மறந்துவிடுங்கள் அம்மா’ என்று முடித்திருக்கிறாய். மறந்துவிடலாம். ஆனால் மறப்பதற்கு முன்னால் எதை மறக்கிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? நீ அப்போது விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். ஊர் சொன்னதைக் கேட்டாய், அப்பா சொன்னதைப் பாதி கேட்டாய், நான் சொல்ல வந்ததைக் காதில் வாங்கவே இல்லை. மற்றத் தாய்மார் மகனுக்குக் கல்யாணக் கடிதம் எழுதினால், தாங்கள் செய்த பிழைகளைச் சொல்லி அழுது, மன்னிப்புக் கேட்டு, அப்புறம் புத்தி சொல்லுவார்கள். நான் புத்தி சொல்லுவேன். மன்னிப்புக் கேட்க என்னிடம் ஒன்றும் இல்லை.

வண்டி வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். யுத்தம் முடிந்து பட்டாளத்து வண்டிகளை ஏலம் விட்டபோது, பர்மா எல்லை வரை லாரி ஓட்டிவிட்டு வந்த உன் அப்பா, தன் கையிலிருந்ததோடு என் கழுத்தில் கிடந்ததையும் சேர்த்து இந்தப் பச்சைப் பிக்கப்பை எடுத்தார். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த பெட்டி, அவ்வளவுதான் வண்டி. கீரிப்பாறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ரப்பர் ஷீட்டை நாகர்கோவிலுக்கு இறக்கும் வேலை கிடைத்தது. ரிப்பேர் எல்லாம் தங்கையாவின் பட்டறையில். அவர் உன் அப்பாவுக்குப் பெரியப்பா மகன், கூடப் பிறந்த அண்ணன் போல என்று உன் அப்பா சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. வெளியாள் கையில் நட்டு போல்ட்டைக்கூடத் தொட விடமாட்டார். தங்கையாவிடம் அப்போது சொந்தமாக ஒரே ஒரு லாரி இருந்தது. அதற்குத் தோட்டத்து லோடு கிடைக்கவில்லை என்கிற வருத்தமும் இருந்தது. அந்த வருத்தத்தை நாங்கள் சாதாரண வருத்தம் என்று நினைத்தோம்.

சுதந்திரம் வந்ததற்கு அடுத்த வருஷம், மார்கழி. பிரேக்கில் எண்ணெய் குறைகிறது என்று உன் அப்பா வண்டியைப் பட்டறையில் விட்டார். பிரேக்குக்கென்று உள்ள எண்ணெய் அந்நாளில் லேசில் கிடைக்காது. திருவனந்தபுரத்துக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ‘டின்னு வந்திருக்கு, ஊத்தியாச்சு, கொண்டு போ’ என்று மறுநாள் உச்சி வெயிலில் வண்டியைத் திருப்பிக் கொடுத்தார் தங்கையா. பிரேக் நன்றாகப் பிடித்தது. உன் அப்பா அன்று சாயங்காலமே மலை ஏறி, தோட்டத்தில் தங்கி, விடிய லோடு ஏற்றிக்கொண்டு இறங்கினார். முதல் வளைவில் ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகிற பெண்கள் கூட்டமாக ஏறி வந்துகொண்டிருந்தார்கள். பிரேக்கை மிதித்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பக்கம் பெண்கள், ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் பாறை. பாறையில் கொண்டுபோய் மோதினார். பெண்கள் அத்தனை பேரும் அன்றும் பால் வெட்டினார்கள். உன் அப்பாவின் வலது கால் முட்டிக்குக் கீழே நசுங்கிப் போயிற்று.

மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் நான் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். நம் வீடு மலையடிவாரம் என்பது அந்த ஒரு நாள் எனக்கு உதவியது. பேச முடியாத வலியில் என் கையைப் பிடித்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “ஏட்டி, நான் ஒறங்கல்ல. பிரேக்கு சவுட்டினேன், அனங்கல்ல. கல்லு கணக்கா நின்னுது.” மகனே, உனக்கு இப்போது லாரி ஆபீஸ் பாஷை தெரியும். பிரேக் விட்டுப்போனால் பெடல் கீழே பொத்தென்று இறங்கிப்போகும். எந்த டிரைவரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவான். பெடல் கல் மாதிரி அசையாமல் நின்றது என்று யாரும் சொன்னதில்லை. உன் அப்பாவின் உண்மைக்கு வந்த கேடு அதுதான். கேட்கிறவனுக்குப் பொய்போலத் தோன்றுகிற உண்மை அவருக்கு வாய்த்தது.

நண்பகல் ஆனபோது தங்கையா வந்து சேர்ந்தார். வண்டியைப் பாறையிலிருந்து பின்னால் இழுத்து வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். தோட்டத்துக் கணக்கு எழுதும் ரைட்டர், கூலிகள், ஊர்க்காரர்கள் எல்லோரும் சுற்றி நிற்க, அவர் ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்துக் காட்டினார். இறங்க வேண்டிய அளவு இறங்கியது, பின்சக்கரத்தைப் பிடித்தது. பிறகு கால்வைக்கும் பலகையைத் தூக்கி, அடியில் இருந்த எண்ணெய் டப்பாவின் மூடியைத் திருகி, விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். விரலை முகர்ந்தார். அந்த விரலைத் தலைமுடியில் தடவிக்கொண்டார். எல்லோரையும் பார்த்து, “பிரேக்குக்கு ஒரு கொறையும் இல்ல. அவன் ஒறங்கிட்டான், பாவம்” என்றார். நான் அவருக்கு எதிரேதான் நின்றேன். விரல் தலைக்குப் போனதைப் பார்த்தேன். அதில் என்ன இருக்கிறது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. அன்றைக்கே தோட்டத்து லோடு தங்கையாவின் லாரிக்குப் போயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுத்துணி எடுக்க ஒரு விடியற்காலையில் வீட்டுக்கு வந்தேன். வண்டியை இழுத்துவந்து முற்றத்தில் போட்டிருந்தார்கள். வாசலிலிருந்து எறும்புச் சாரை ஒன்று நேராக வண்டிக்குப் போயிற்று, சக்கரத்தில் ஏறிற்று, பிரேக் குழாய் வழியாக அடிப்பலகைக்குள் போயிற்று. ரப்பர் வண்டியில் எறும்புக்கு என்ன வேலை? பலகையைத் தூக்கி டப்பாவைத் திறந்தேன். உள்ளே எண்ணெய் இல்லை. வெள்ளையாக, கட்டியாக, விரல் வைத்தால் பள்ளம் விழுகிற ஒன்று இருந்தது. சமையல்கட்டுக்கு ஓடிப் போய் ஜன்னலில் இருந்த என் தேங்காயெண்ணெய்க் குப்பியை எடுத்துப் பார்த்தேன். அதுவும் அப்படியே உறைந்து, கவிழ்த்தாலும் விழாமல் நின்றது. மார்கழியில் குப்பியை வெயிலில் வைத்துத்தான் தலைக்கு எண்ணெய் எடுப்போம், நம் ஊரில் இது குழந்தைக்கும் தெரியும். பட்டறையின் மதிய வெயிலில் அது எண்ணெய். மலையில் ஒரு ராத்திரி நின்றால் குழாய்க்குள் அது கட்டி. கல்லை மிதித்தால் கல் எப்படி இறங்கும்?

அப்போதுதான் அந்த விரல் எனக்கு விளங்கிற்று. கிரீஸோ பிரேக் எண்ணெயோ பட்ட விரலைப் பட்டறைக்காரன் வேட்டியில் துடைப்பான், கரித்துணியில் துடைப்பான், பக்கத்தில் நிற்கிறவன் சட்டையில்கூடத் துடைப்பான். தலையில் தடவமாட்டான். தேங்காயெண்ணெய் பட்ட விரல் மட்டும்தான் நம் ஊரில் தானாகத் தலைக்குப் போகும். தங்கையாவின் வாய் பொய் சொல்வதற்கு முன்னாலேயே கை உண்மையைச் சொல்லிவிட்டது. டின் வந்தது என்று சொன்னது பொய். வராத டின்னுக்குப் பதிலாகத் தலைக்குத் தேய்க்கிற எண்ணெயை ஊற்றியது சோம்பேறித்தனம். அதைக்கூட ஒரு மனிதன் செய்துவிடலாம், நான் விட்டிருப்பேன். தெரிந்துகொண்டே, கால் நசுங்கிக் கிடக்கிறவனைப் பார்த்து உறங்கிவிட்டான் என்று சொன்னதைத்தான் நான் விடவில்லை. இன்றைக்கும் விடவில்லை, சாகிற வரைக்கும் விடமாட்டேன்.

அந்தக் கட்டியை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் வழித்து எடுத்துக்கொண்டு, வாழையிலையால் மூடி, வடசேரி சந்தைக்கு நடந்தேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. சந்தையில் எல்லோரும் கூடுகிற நேரம், தங்கையாவும் அங்கே நின்றார். நாலு பேர் நடுவில் இலையை விலக்கிக் காட்டினேன். வழியெல்லாம் அடித்த வெயிலில் அது உருகி, சாதாரண எண்ணெயாகச் சிரட்டையில் ஆடிக்கொண்டிருந்தது. நான் சொல்ல வாயெடுப்பதற்குள் தங்கையா சிரித்துவிட்டார். “தம்பிக்க பெஞ்சாதி செரட்டையில எண்ணெ கொண்டு வந்திருக்கா. லேய், யாருக்க தலைக்குத் தேய்க்கணும்?” என்றார். சந்தை முழுதும் சிரித்தது. கல்லு கணக்கா நின்றது என்று உன் அப்பா சொன்னதை அவர் கேலியாகத் திருப்பிச் சொல்ல, அன்றைக்கே ஒரு வட்டப்பெயரும் பிறந்தது. உன் அப்பாவுக்கு அதன் பிறகு ஊரில் வேறு பெயர் கிடையாது, கல்லுபிரேக்குதான். நான் கல்லுபிரேக்குக்க பெஞ்சாதி. உன்னைப் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று நீ என்னிடம் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குத் தெரியும். அந்தப் பெயர் ஒட்டாத இடம் தேடித்தான் நீ போனாய் என்பதும் தெரியும். போன இடம் அந்தப் பெயரை வைத்தவனுடைய ஆபீஸாக இருந்ததுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

இனி வண்டிக் கதை. உன் மனைவியாக வரப்போகிறவளிடம் மாமியாருக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்டால், இதைச் சொல். உன் அப்பா மரக்கட்டிலில் உட்கார்ந்தபடி சொல்லுவார், நான் வண்டியின் அடியில் படுத்துச் செய்வேன். அவருடைய பட்டாளத்துக் காக்கிக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு நான் வெளியே வந்த முதல் நாள் வேலியோரம் கூட்டம் கூடிவிட்டது. ரேடியேட்டரில் புளியைக் கரைத்து ஊற்றி ஊறவைத்துக் கழுவினோம். துரு தேநீர் நிறத்தில் வெளியே வந்தது. வளைந்த முன் அச்சைக் கொல்லனிடம் கொண்டுபோய்ச் சிரட்டைக்கரி போட்டுக் காய்ச்சி நிமிர்த்தினோம். டியூபில் ஓட்டை விழுந்தால் ரப்பர் பாலைத் தடவி ஒட்டு வைத்து வெயிலில் காயவைத்தோம். பின்பெட்டியின் உளுத்த பலகைகளைக் கழற்றிவிட்டு, வீட்டை ஒட்டிய நம் விளையில் நின்ற அயினி மரத்தை வெட்டி அறுத்துப் புதுப்பலகை போட்டோம். வில்லுப்பட்டையில் கூடுதலாகப் பட்டைகள் சேர்த்து, பழையதைவிட அதிகப் பாரம் தாங்கும்படி செய்தோம். பிரேக்குக்கு மட்டும் உன் அப்பா அவசரப்படவே இல்லை. குழாய்களை மாற்றி, தேங்காயெண்ணெய் குடித்து ஊதிப்போன ரப்பர் வாஷர்களை எடுத்தெறிந்து புதிது போட்டு, பட்டாளத்தில் கற்றபடி ஆமணக்கெண்ணெயில் ஸ்பிரிட் கலந்து ஊற்றச் சொன்னார். ஆமணக்கெண்ணெய் மார்கழிக்கு உறையாது. ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் நான் பெடலை மிதித்துப் பார்ப்பேன், அதன் பிறகுதான் என் தம்பி ஞானமுத்து, உன் மாமா, வண்டியை எடுப்பான்.

நம் கோயில் உபதேசியார் ஒரு நாள் வந்து, மனதில் பகை வைத்துக்கொண்டு எந்த வேலையும் செய்யக்கூடாது, பழிவாங்குவது கர்த்தருடைய காரியம் என்று நயமாகச் சொன்னார். நான் வண்டியின் அடியிலிருந்தபடியே, அப்படியானால் இந்த நட்டைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் ஐயா, அவருக்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்வோம் என்றேன். நல்ல மனிதர், பிடித்துக்கொண்டார். பகை வைத்துச் செய்த வேலை என்பதால்தான் மகனே இந்த வண்டி இப்படி ஓடுகிறது. சந்தோஷத்துக்குச் செய்கிறவன் ஒரு நட்டைத் தளர்வாக விட்டுவிடுவான். நான் ஒவ்வொரு நட்டையும் தங்கையாவின் கழுத்தாக நினைத்து இறுக்கினேன். இது புத்திமதியா என்று எனக்குத் தெரியாது, எனக்கு உதவியது, உனக்கும் சொல்கிறேன்.

அடைமழைக் காலத்தில் மலைப்பாதை சேறாகிப்போனபோது தங்கையாவின் லாரிகள் பாதியில் நின்றன. நம் வண்டி சின்னது, பாரம் தாங்கும், பிரேக் பிடிக்கும், ஏறிற்று, இறங்கிற்று. ரைட்டர் ஆளனுப்பிக் கூப்பிட்டார். ஒரு மழையில் போன லோடு அடுத்த மழையிலும் வந்தது, பிறகு வெயிலிலும் வந்தது. இப்போது அந்தத் தோட்டத்துச் சரக்கு முழுதும் பச்சை வண்டியில்தான் இறங்குகிறது. தங்கையா இதற்காகப் புது லாரி வாங்கினார், அதுவும் அந்த வளைவில் திரும்பவில்லை. எனக்கு அன்று வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். சர்க்கரை போட்டுப் பாயசம் வைத்துக் குடித்தேன். உன் அப்பாவும் குடித்தார். ஆனால் பெயர் மாறவில்லை. லோடு திரும்பி வந்தபிறகும் அவர் கல்லுபிரேக்குதான். கோயிலுக்குப் போனால் பின்பெஞ்சில் யாராவது ஒருவன் குறட்டை விடுவதுபோலச் சத்தம் போடுவான். அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். நான் பார்ப்பேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவர் காய்ச்சலில் போனபோது நீ வந்திருந்தாய். கல்லறைக் கல்லுக்கு நான் சண்டை போட்டது மட்டும் உனக்கு நினைவிருக்கும். எல்லாக் கல்லிலும் எழுதுவதுபோல ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று செதுக்கிக் கொண்டுவந்தார்கள். நித்திரை என்ற சொல் என் புருஷன் தலைமாட்டில் இருக்கக்கூடாது என்று நான் கல்லைத் திருப்பி அனுப்பினேன். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நீயே எல்லோரிடமும் சொல்லிச் சமாளித்தாய். தங்கையா அன்று என்ன சொன்னார் தெரியுமா? அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு வெற்றிலைத் தட்டை நீட்டிக்கொண்டே, “நல்ல டிரைவரு, அந்த ஒரு நாளு கண்ணயர்ந்துட்டான்” என்றார். சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் சொன்னார். நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

முடிவு செய்ததைச் செய்ய ஒரு மார்கழி வேண்டியிருந்தது. போன வருஷம் மார்கழியில் ஒத்திகை பார்த்தேன். வண்டியை முற்றத்துச் சரிவில், மூக்குக் கீழே பார்க்க நிறுத்தி, பிரேக்கில் இருந்த ஆமணக்கெண்ணெயை வடித்துவிட்டு, நல்ல செக்குத் தேங்காயெண்ணெய் ஊற்றினேன். ராத்திரி பனியில் நின்றது. விடியற்காலையில் நானே ஏறி உட்கார்ந்தேன், ஞானமுத்து சக்கரத்துக்கு வைத்த கல்லை எடுத்தான். வண்டி உருளத் தொடங்கியதும் பெடலை மிதித்தேன். மகனே, உன் அப்பா சொன்ன வார்த்தைகள் தாமாக என் வாயில் வந்தன. சரிவின் அடியில் நம் உரக்குழி. முன்சக்கரம் சாணியில் இறங்கி வண்டி நின்றது. என் நெற்றியில் ஒரு வீக்கம், அவ்வளவுதான். காளை கட்டி இழுத்து வெளியே எடுத்தோம். அன்றிலிருந்து இந்த ஒரு வருஷமாக அந்தக் குழியை ஆழமும் அகலமும் ஆக்கி, இரண்டு மாட்டுச் சாணமும் இலைதழையும் போட்டுப் பஞ்சணை மாதிரி வைத்திருக்கிறேன். தங்கையா சாக வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. செத்தவன் எதையும் சொல்லமாட்டான்.

அவரே வந்து மாட்டிக்கொண்டார், நான் வலை வீசவில்லை. போன மாதம் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், அயினிப் பலகையைத் தட்டினார், வில்லுப்பட்டையைக் குனிந்து பார்த்தார். இந்த வண்டி தன்னிடம் வந்தால் தோட்டத்து லோடும் கூடவே வரும் என்பது அவர் கணக்கு. மகன் கல்யாணமும் வருகிறது, குடும்பம் ஒன்றாகட்டும் என்றார். நான் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு பணிவாகச் சொன்னேன். “செரி அத்தான். குடும்பத்துக்கு மூத்தவரு நீங்க. ஒங்க கையாலயே எறக்கி ஓட்டிக்கிட்டுப் போணும். நாலு பேரு பாக்கட்டும்.” அவர் முகம் மலர்ந்துவிட்டது. கிறிஸ்மஸ் கழிந்த வியாழக்கிழமை, விடியும்போது, வெயில் ஏறுவதற்கு முன்னால் நல்ல நேரம் என்று நானே குறித்துக் கொடுத்தேன். ரைட்டர் வருகிறார். சந்தைக்காரர்கள் வருகிறார்கள், சிரட்டையைப் பார்த்துச் சிரித்தவர்களில் உயிரோடு இருக்கிற அத்தனை பேரையும் ஞானமுத்து வீடுவீடாகப் போய் அழைத்திருக்கிறான். அன்றைக்குப் பாறையடியில் நின்ற பால்வெட்டுப் பெண்களும் வருகிறார்கள். உபதேசியார் வந்து ஜெபம் செய்வார்.

இந்த வண்டியை உருட்டித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்பது ஊருக்கே தெரியும், அதனால் சரிவில் நிற்பதை யாரும் கேட்கமாட்டார்கள். கைப்பிரேக்கின் கம்பியை நேற்றுக் கழற்றிவிட்டேன். ஆமணக்கெண்ணெயை வடித்துவிட்டு, மற்றதை இன்றைக்கு ஊற்றி முடித்தேன். இப்போது தாளில் பட்டிருக்கிற கறை அதுதான், முகர்ந்து பார். நாளை மறுநாள் காலையில் குப்பி உறைகிற அளவுக்குப் பனி இருக்கும். மூன்று நாளாகச் சமையல்கட்டு ஜன்னலில் பார்த்து வருகிறேன். தங்கையா ஏறி உட்காருவார். ஞானமுத்து கல்லை எடுப்பான். குழிக்குப் போய்ச் சேருவதற்குள் அந்த மனிதர் தன் வாயால், எல்லோர் காதிலும் விழும்படி, பெடல் கல் மாதிரி நிற்கிறது என்று கத்துவார். கத்தாமல் இருக்க முடியாது, நான் மிதித்துப் பார்த்தவள். சாணிக்குழியில் அவர் நிற்கும்போது நான் பக்கத்தில் போய் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். “அத்தான், ஒறங்கிட்டியளா?” அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் வட்டப்பெயர் வீடு மாறிவிடும்.

அதற்குப் பிறகும் அவர் உன் அப்பாவின் இடத்தில் நிற்க ஆசைப்பட்டால், தாராளமாக நிற்கட்டும். குளித்துவிட்டு வரச் சொல். உன் அப்பா சொன்ன வார்த்தையைச் சொன்ன வாய் அது, அந்த இடத்தில் நிற்க அதற்கு அப்போது உரிமை உண்டு. அவர் வராமல் போனால் ஞானமுத்து நிற்பான், அல்லது காக்கிக் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு நான் நிற்பேன். பெண்வீட்டாருக்கு இப்போதே சொல்லி வை.

இவ்வளவையும் அவருடைய ஆபீஸில் சம்பளம் வாங்குகிற உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். ஞானமுத்துவும் அதைத்தான் கேட்டான், அவனிடம் சொல்லாதே அக்கா, காரியம் கெட்டுப்போகும் என்றான். நான் யோசித்துத்தான் எழுதுகிறேன். நாளைக் காலை பஸ்ஸில் வந்து அவன் இதை உன் கையில் கொடுப்பான். தங்கையாவின் வீடு உன் ஆபீஸுக்கு எதிர்ப்புறம். நாள் முழுதும் உனக்கு இருக்கிறது. தெருவைக் கடந்து போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வியாழக்கிழமை அவர் வரமாட்டார், நான் ஊர்க்காரர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, எண்ணெயை வடித்து, வழக்கம்போல லோடுக்கு வண்டியை அனுப்புவேன். உன்மேல் கோபப்பட மாட்டேன். கல்யாணத்துக்கும் வருவேன், சிரித்த முகமாகவே இருப்பேன். ஆனால் உன்னைப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்ட பெயர் உன் பிள்ளைக்கும் போகும். அதைத் தடுத்திருக்க உனக்கு ஒரு நாள் இருந்தது என்பது நம் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கும்.

சொல்லாமல் இருந்தால், விடிவதற்கு முன்னால் வந்து சேர். குளிருக்குத் துண்டு கொண்டு வா, காலையில் இங்கே நல்ல பனி. சூடாகக் காப்பி வைத்திருப்பேன். எங்கே வேண்டுமானாலும் நின்று பார், வண்டிக்கு எதிரே மட்டும் நிற்காதே.

உன் அம்மா